சாவி யாரிடம் இருக்கிறது?

1997-இல் தென்மாவட்டத் தாலுகா ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாற்றலாகிப் போனபோது, என் பெட்டியில் வேட்டி சட்டைக்கு அடியில் ஒரு ஜெராக்ஸ் கட்டு இருந்தது. 1988 ஆகஸ்டில் ‘லான்செட்’ இதழில் வந்த ஐசிஸ்-2 ஆய்வுக் கட்டுரை. எம்.டி. படிக்கிற காலத்தில் நூலகத்தில் எடுத்தது. அதை அப்போது ஜாதகக் கட்டு மாதிரி பத்திரமாக வைத்திருந்தேன்.

16 நாடுகள், 417 ஆஸ்பத்திரிகள், 17,187 நோயாளிகள். மாரடைப்பு என்று சந்தேகப்பட்டு வந்தவர்களைக் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஸ்ட்ரெப்டோகைனேஸ், 15 லட்சம் யூனிட், ஒரு மணி நேரத்தில் ட்ரிப்பாக. இன்னொரு பிரிவுக்கு ஒரு மாதம் தினமும் ஆஸ்பிரின். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். நான்காவது பிரிவுக்கு இரண்டுமே போலி. ஐந்து வாரம் கழித்து எண்ணிப் பார்த்தால், எதுவும் கிடைக்காதவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் இறந்திருந்தார்கள். இரண்டும் கிடைத்தவர்களில் எட்டுப் பேர். நூறு பேரில் ஐந்து உயிர். அதில் பாதிக்கு மேல் காரணம் என்று சொல்ல முடியாவிட்டாலும், ஏறக்குறைய சரிபாதிப் பெருமை பெட்டிக்கடையில் தலைவலிக்கு வாங்குகிற ஆஸ்பிரினுக்கு.

இதைப் படித்தவனுக்கு என்ன தோன்றும்? ஆஸ்பத்திரியில் மருந்து இருந்தால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. மருந்தும் இருந்தது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கியபின் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வரத்து ஒழுங்குக்கு வந்திருந்தது. எங்கள் பார்மசி ஃப்ரிட்ஜில் ஸ்ட்ரெப்டோகைனேஸ் (எங்கள் வாயில் எஸ்.கே.) மூன்று குப்பி இருப்பதை நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஜாய்ன் பண்ணி இரண்டாவது மாதம். ராத்திரி பதினொன்று பத்துக்கு ஒரு தையல்காரரைக் கூட்டிவந்தார்கள். நாற்பத்தாறு வயது. சட்டை முழுக்க வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஈசிஜியில் நெஞ்சின் முன்பக்க லீடுகள் எல்லாவற்றிலும் எஸ்.டி. கோடு கல்லறை மேடு மாதிரி எழும்பி நின்றது. வலி ஆரம்பித்து ஒன்றேகால் மணி நேரம்தான். இத்தாலியில் 1986-இல் நடந்த ஜிஸ்ஸி ஆய்வில், முதல் ஒரு மணி நேரத்துக்குள் இதே மருந்தைப் பெற்றவர்களில் இறப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. பாடப்புத்தகத்தில் வருகிற நோயாளி நேரில் வந்தது போல இருந்தது.

“சிஸ்டர், எஸ்.கே. எடுங்க.”

“பார்மசி பூட்டியிருக்கு, சார்.”

“சாவி?”

“பார்மசிஸ்ட் சார்ட்டதான் இருக்கும். அவரு கடைசி பஸ்ல ஊருக்குப் போயிருப்பாரு.”

பதினெட்டு கிலோமீட்டர். ஆஸ்பத்திரி ஜீப் வேறு வேலையாகப் போயிருந்தது. நோயாளியின் மைத்துனர் டிவிஎஸ் ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு போனார். நான் ஒரு ஆஸ்பிரினைக் கடித்து மெல்லச் சொல்லிக் கொடுத்துவிட்டு, வலிக்கு ஊசி போட்டுவிட்டு, கட்டில் பக்கத்தில் நின்றேன். மருந்து எனக்கு இருபதடி தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம், குளிர்ந்துகொண்டிருந்தது. ட்ரிப் ஓட ஆரம்பித்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது.

பார்மசிஸ்ட்டை மறுநாள் காலையில் கத்தித் தீர்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பீரோவிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். முந்தைய வருடத் தணிக்கையின்போது ஒரு குப்பி கணக்கில் இல்லை என்று அவர் சம்பளத்தில் பிடித்தம் செய்ய எழுதியிருந்தார்கள். ஒரு குப்பியின் விலை அப்போது ஆயிரங்களில். “நீங்க சொல்றது நியாயம்தான் சார். ஆனா எம் பிள்ளைக்கு ஃபீஸ் யாரு கட்டுவா?” என்றார். அதற்கு ஐசிஸ்-2 கட்டுரையில் பதில் இல்லை.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் அடுத்த இருபத்தைந்து வருடமும். கான்ஃபரன்ஸ்களில் எல்லாரும் புது ஆய்வுகளைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு மட்டும் ‘இது எந்த அலமாரியில் இருக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு அதை யார் திறப்பார்கள்’ என்றே புத்தி போகும்.

பார்மசிஸ்ட்டும் நானும் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்தோம். கேஷுவாலிட்டியில் சிஸ்டர் மேஜைக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் டிரே. அதில் ஆஸ்பிரின், நூறு மில்லி சலைன், ட்ரிப் செட், ஊசி, பிளாஸ்டர். எஸ்.கே. குப்பி ஒன்று பக்கத்திலிருந்த தடுப்பூசி ஃப்ரிட்ஜில், பெயர் எழுதிய சோப்பு டப்பாவுக்குள். குப்பியை உபயோகித்தால் ஈசிஜி நகலை இண்டென்ட்டோடு குத்திக் கொடுக்க வேண்டும். மறுநாள் காலை எட்டரைக்கு அவர் புதுக் குப்பி வைப்பார். நகல் எதற்கு என்றால், ஈசிஜி தாள் சூட்டில் எழுதப்படுகிற தாள். ஆறேழு மாதத்தில் கோடு வெளிறி வெறும் ரோஸ் கட்டம்தான் மிஞ்சும். தணிக்கைக்காரர் வரும்போது வெற்றுத் தாளைக் காட்டினால் பழைய கதைதான். இந்த யோசனை அவருடையது. என் புத்திக்கு எட்டியிருக்காது.

அடுத்த முட்டுக்கட்டை ஓ.பி. சீட்டு. நெஞ்சுவலி என்று வந்தால் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்று எல்லா வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன. எங்கள் ஆஸ்பத்திரியில் காலை ஒன்பது மணிக்குச் சீட்டு வரிசையே நாற்பது நிமிடம். அந்த வரிசையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, முன்னாலிருப்பவர் தோளில் சாய்ந்தபடி நின்றவர்களை நானே பார்த்திருக்கிறேன். சீட்டு எழுதுகிற அம்மா எட்டாம் வகுப்பு. அவரிடம் போய் மாரடைப்பின் அறிகுறிகள் என்று பாடம் எடுத்தால் வேலைக்கு ஆகாது. “தாடையிலேர்ந்து தொப்புள் வரைக்கும் எது வலிச்சாலும், நாப்பது வயசுக்கு மேல இருந்தா, சீட்டு அப்புறம். முதல்ல ஈசிஜி ரூமுக்கு அனுப்புங்க” என்றேன். “பல்லுவலிகாரன் வந்தா?” என்று கேட்டார். “அனுப்புங்க.” ஈசிஜி எடுக்கிறவர் ஒரு மாதம் என்னைச் சபித்தார். அந்த ஒரு மாதத்தில் வயிற்றெரிச்சல்காரர்கள் நிறையப் பேர் வந்தார்கள். ‘கீழ்த்தாடை இழுக்குது’ என்று பல் டாக்டரைத் தேடி வந்த லாரி டிரைவர் ஒருவரும் வந்தார். அவருக்கு அடிச்சுவரில் மாரடைப்பு. அதற்குப் பிறகு சீட்டம்மாவின் கை ஓங்கிவிட்டது. நான் சந்தேகப்பட்டாலும் அவர் விடமாட்டார்: “மொகமே சரியில்ல சார், படுக்க வையுங்க.”

பெண்கள் விஷயம் இன்னும் நாசூக்கு. பீடி சுற்றுகிற ஐம்பது வயது அக்கா ஒருத்தி வாந்தி, கை கனம் என்று வந்தாள். நெஞ்சுவலி என்கிற வார்த்தையே அவள் வாயில் வரவில்லை. “கிறுகிறுன்னு வருது, தோள்ல யாரோ மூட்டையை ஏத்தி வச்ச மாரி இருக்கு” என்றாள். ஈசிஜி எடுத்தாகிவிட்டது, நார்மல் மாதிரிதான் இருக்கிறது என்று தாளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்கு ஒப்பவில்லை. போய்ப் பார்த்தால், எடுத்தவர் ஆண். அறைக்குக் கதவும் இல்லை, திரையும் இல்லை. அந்த அக்கா ஜாக்கெட்டைத் தளர்த்த மாட்டேன் என்றிருக்கிறாள். அவரும் சங்கடப்பட்டு, நெஞ்சு லீடுகளை எல்லாம் ஜாக்கெட்டுக்கு மேலே, கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு வரிசையாக ஒட்டி எடுத்துவிட்டார். இதயத்தை விட்டுவிட்டுத் தோளைப் படம் பிடித்த கதை. சிஸ்டரை வைத்து மறுபடி எடுத்தோம். முன்சுவர் மாரடைப்பு. பழைய பச்சைத் துணியில் ஒரு திரை தைத்து மாட்டினோம். தைத்துக் கொடுத்தவர் வேறு யாருமில்லை, என் தையல்காரர்தான். காசு வாங்க மறுத்துவிட்டார்.

எஸ்.கே. போடுவதில் ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. குப்பிக்குள் வெள்ளைத் தூள். அதில் சலைனை விட்டதும் குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். சுவரோரமாக மெதுவாக ஊற்றி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மத்தை உருட்டுகிற மாதிரி உருட்ட வேண்டும். ட்ரிப் ஓடிப் பத்து இருபது நிமிடத்தில் பிரஷர் சடாரென்று இறங்கும். பயப்படாமல் ட்ரிப்பை மெதுவாக்கி, கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தினால் பெரும்பாலும் ஏறிவிடும். முக்கால் மணி நேரம் போல மானிட்டரில் அகல அகலமான துடிப்புகள் வரிசையாக ஓடும். புது டியூட்டி டாக்டர் பதறிப்போய், துடிப்பை அடக்குகிற லிக்னோகெயினைத் தேடுவார். அடைப்பு திறந்து ரத்தம் பாய்கிறது என்பதற்கு அது ஓர் அறிகுறி. பெரும்பாலும் தானாக அடங்கும். பக்கத்தில் நின்று, நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும். வலி குறையும்போது முதலில் நெற்றிச் சுருக்கம் போகும். அப்புறம்தான் அவர் வாயைத் திறந்து சொல்வார்.

ஆனால் ஒருமுறை கை சுட்டுக்கொண்டேன். எழுபத்தெட்டு வயதுப் பெரியவர். டிரே தயார், சிஸ்டர் தயார், வந்து பன்னிரண்டு நிமிடத்தில் ட்ரிப் ஓடியது. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் எனக்கு ஒரு பெருமை. பிரஷர் பார்த்த சிஸ்டர் ‘நூத்தித் தொண்ணூறு’ என்று சொன்னது காதில் விழுந்தது; வலியில் ஏறியிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதிகாலையில் அவருக்குப் பேச்சு குழறியது. மூளைக்குள் ரத்தக்கசிவு. மூன்றாம் நாள் இறந்துபோனார். மகன் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. “நீங்க எவ்வளவோ பாத்தீங்க அய்யா” என்று கையைப் பிடித்துக்கொண்டார். சண்டைக்கு வந்திருக்கலாம்.

கட்டியைக் கரைக்கிற மருந்துக்கு எந்தக் கட்டி என்று தெரியாது. சிலருக்கு மூளையில் கசியும் என்பதை எல்லா ஆய்வுகளும் எழுதியே வைத்திருக்கின்றன. 2013-இல் வந்த ஸ்ட்ரீம் ஆய்விலேயே, எழுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கசிவு அதிகமாகிறது என்று பார்த்து, நடுவழியில் டெனக்டிப்ளேஸ் என்கிற கட்டி கரைக்கும் மருந்தின் அளவைப் பாதியாக்கினார்கள். அந்தப் பெரியவருக்குப் பிறகு டிரேயில் ஒரு அட்டை சேர்ந்தது. தமிழில் ஒன்பது கேள்வி. பக்கவாதம் வந்ததுண்டா, சமீபத்தில் ஆபரேஷன் ஆனதா, மலம் கறுப்பாகப் போகிறதா, பிரஷர் 180-க்கு மேலா. ஒவ்வொன்றுக்கும் சிஸ்டர் சத்தம்போட்டு வாசித்து டிக் அடிக்க வேண்டும். அதற்கு முன்னால் டாக்டர் ‘ஓட்டுங்க’ என்று சொன்னாலும் ஓட்டக் கூடாது. அந்த விதி எனக்காகப் போட்டது.

நேர் எதிரான தப்பும் உண்டு. என் மேலதிகாரி ஒருவர் சர்க்கரை நோயாளிகளுக்கு எஸ்.கே. போடவே மாட்டார், கண்ணுக்குள் ரத்தம் கசிந்து பார்வை போய்விடும் என்பார். படிக்கும்போது எங்களுக்கும் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். எங்கள் ஊரில் மாரடைப்பு வருகிறவர்களில் பாதிப் பேர் சர்க்கரைக்காரர்கள். கட்டி கரைக்கும் மருந்துகளை ஒப்பிட்ட குஸ்டோ ஆய்வில் இருந்த 6,000-க்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளில் ஒருவருக்குக்கூடக் கண்ணுக்குள் கசிவு உறுதியாகவில்லை என்று 1997-இல் எழுதியிருந்தார்கள். அதைக் காட்டினேன். “அது அந்த ஊர் ஆளுங்களுக்கு. நம்ம ஆளுங்க வேற” என்றார்.

‘நம்ம ஆளுங்க வேற’ என்கிற இந்த வாதத்துக்கு ஐசிஸ்-2 காரர்களே ஓர் அழகான பதில் வைத்திருந்தார்கள். வயதுவாரியாக, நோய்வாரியாகப் பிரித்துப் பிரித்து யாருக்குப் பலன் என்று காட்டச் சொல்லிப் பத்திரிகையிலிருந்து கேட்டபோது, அவர்கள் பிறந்த ராசிவாரியாகவும் பிரித்துக் கட்டுரையில் சேர்த்துவிட்டார்கள். மிதுனம், துலாம் இரண்டு ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரினால் கொஞ்சம் கெடுதல் என்பது போல வந்தது. மற்றப் பத்து ராசிக்கும் ஏகப்பட்ட நன்மை. ஒரு பெரிய கூட்டத்தைத் துண்டு துண்டாக நறுக்கினால் ஏதோ ஒரு துண்டில் கோணலாகத்தான் வரும் என்று காட்டுவதற்கான குறும்பு. மேலதிகாரியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் ஜோசியத்தில் ஊறியவர். சிரிக்காமல், “வெள்ளைக்காரன் சூரியனை வச்சு ராசி பாப்பான். நமக்குச் சந்திரன். அதனாலதான் தப்பா வந்திருக்கு” என்றார். அத்தோடு விட்டுவிட்டேன். அவர் ரிட்டையரான பிறகுதான் எங்கள் வார்டில் சர்க்கரைக்காரர்களுக்கு முறையாக எஸ்.கே. கிடைத்தது.

புதிதாக ஒன்றைச் செய்யவைப்பதைவிடப் பழசை நிறுத்துவது கஷ்டம். மாரடைப்புக்குப் பின் தாறுமாறாகத் துடிக்கிற இதயத்தை மாத்திரையால் அடக்கினால் உயிர் பிழைக்கும் என்று ஒரு காலத்தில் எல்லாரும் நம்பினார்கள். கேஸ்ட் ஆய்வில் 1,498 பேரைச் சோதித்ததில், மாத்திரை சாப்பிட்டவர்களில் 63 பேர் இறந்தார்கள்; போலி சாப்பிட்டவர்களில் 26 பேர். துடிப்பு அழகாக அடங்கியிருந்தது, ஆள்தான் இல்லை. இது வெளியானது 1991-இல். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகும், ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று எல்லா மாரடைப்புக்காரருக்கும் லிக்னோகெயின் ட்ரிப் ஓட்டுகிற வார்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆக்சிஜன் கதை அதைவிட. சுவீடனில் 6,629 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2017-இல் வந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் 90 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், மாஸ்க் வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரு வருடத்தில் இறப்பில் வித்தியாசமே இல்லை. நான் அதைப் படித்துவிட்டுத் தேவையில்லாதவர்களுக்கு மாஸ்க்கை எடுத்தேன். அன்று சாயங்காலமே வார்டு வாசலில் கூட்டம். “எங்கப்பாவுக்கு மட்டும் ஏன் வாயு வைக்கல? பக்கத்துப் பெட்டுக்காரருக்கு வச்சிருக்கு. நாங்க யாரையாச்சும் பாக்கணுமா?” பக்கத்துப் பெட்டுக்காரருக்கு ஆஸ்துமா. விரலில் மாட்டுகிற கருவியைக் காட்டி, தொண்ணூற்றெட்டு என்கிற எண்ணைக் காட்டி, அரை மணி நேரம் பேசினேன். மகள் கேட்டுக்கொண்டாள். அன்று ராத்திரி டியூட்டி சிஸ்டர், தொந்தரவு தாங்காமல், ஃப்ளோவைத் திறக்காமலே அவருக்கு ஒரு மாஸ்க்கை மாட்டிவிட்டார். காலையில் ரவுண்ட்ஸில் பார்த்தேன். எல்லாரும் நிம்மதியாகத் தூங்கியிருந்தார்கள். நல்ல வைத்தியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் திட்டவும் மனசு வரவில்லை.

இவ்வளவும் நோயாளி ஆஸ்பத்திரி வாசலை மிதித்த பிறகு நடப்பது. வாசலுக்கு வெளியே இருப்பது ‘வெறும் வாயுக்கோளாறுதான்’ என்கிற நம்பிக்கை. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய கிரியேட் பதிவேடு 2008-இல் வந்தது. இந்தியா முழுக்க 89 ஆஸ்பத்திரிகள், 20,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். வலி தொடங்கியதிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேரச் சரிபாதிப் பேருக்கு 360 நிமிடத்துக்கு மேல். உள்ளே வந்தபின் கட்டி கரைக்கும் மருந்துக்கு 50 நிமிடம். நான் டிரேயையும் திரையையும் வைத்துச் சண்டை போட்டதெல்லாம் அந்த ஐம்பதுக்காக. முந்நூற்று அறுபது அப்படியே கிடந்தது.

அந்த ஆறு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதை வார்டில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் கேட்டு ஒரு நோட்டில் எழுதிவந்தேன். கோலி சோடா. ஓமத் தண்ணீர். பெருங்காயம் போட்ட மோர். மெடிக்கல் ஷாப்பில் ஒரு வாயு மாத்திரை. நெஞ்சில் தைலம் தேய்த்து மனைவி நீவிவிட்டது. ஏப்பம் வந்தால் ‘ஆ, இறங்கிருச்சு’ என்று ஒரு மணி நேரம் படுத்தது. ‘ராத்திரி நேரத்துல எதுக்கு எல்லாரையும் எழுப்பிக்கிட்டு’ என்று விடியக் காத்திருந்தது. இதைச் சொன்னவர்களில் பெண்கள் அதிகம். அப்புறம் மகனுக்கு ஃபோன், மகன் திருப்பூரிலிருந்து ‘நான் வர்றேன்’ என்றது. கடைசியில் ஆட்டோ. 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்த பிறகு இதில் நிறைய மாறியது. ஆனால் அந்த வாயு நம்பிக்கை மாறவில்லை. அரசு 2023-இல் ‘இதயம் காப்போம்’ என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது: ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புச் சந்தேகத்துக்கு முதல் தவணையாகப் பதினான்கு மாத்திரை. ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோகிரெல் நான்கு, அட்டார்வாஸ்டாட்டின் எட்டு. அட்டார்வாஸ்டாட்டின் எண்பது மில்லிகிராம் மாத்திரை தேடி அலையாமல், கையில் கிடக்கிற பத்து மில்லிகிராமை எட்டாக எண்ணிக் கொடுக்கச் சொன்ன அந்த மூளையை நான் மெச்சுகிறேன். அவர் எங்கோ ஒரு ஸ்டோரில் கணக்குப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

எங்கள் மாநிலத்திலேயே நடந்த ஓர் ஆய்வையும் சொல்லாமல் விட முடியாது. கோவை டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை டாக்டர் அஜித் முல்லசாரி போன்றவர்கள் முன்னெடுத்த ‘டிஎன்-ஸ்டெமி’. சிறிய ஆஸ்பத்திரியில் மருந்து போட்டுக் கட்டியைக் கரைப்பது. மறுநாளைக்குள் ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஆஞ்சியோ பார்ப்பது. செலவுக்கு முதலமைச்சர் காப்பீடு. நோயாளிகள் 2,420 பேர். ஏற்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால் ஆஞ்சியோ கிடைத்தவர்கள் 35 சதவீதத்திலிருந்து 60.8 ஆனார்கள், ஒரு வருட இறப்பு 17.6-லிருந்து 14.2 ஆனது. 2017-இல் வந்த கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம் வேறு: முதல் மருந்து போடுகிற நேரத்திலோ எண்ணிக்கையிலோ பெரிய மாற்றம் இல்லை என்று ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். கைமாற்றுவதை ஒழுங்குபடுத்தியதில்தான் வித்தியாசம் தெரிந்தது. இதை யாரும் கண்டுபிடிப்பு என்று சொல்ல மாட்டார்கள். ‘பெட் இருக்கா, அனுப்பட்டுமா’ என்று கேட்டால் எதிர்முனையில் யாராவது ஃபோனை எடுப்பது, அவ்வளவுதான்.

தையல்காரரிடம் திரும்ப வருகிறேன். பிழைத்துவிட்டார், ஆனால் ‘ஹார்ட் பம்பிங்’ முப்பதுதான். இரண்டு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், சாயங்காலம் காலில் செருப்பு ஏறாது. நாங்கள் படிக்கும்போது இதயம் பலவீனமானவருக்கு, துடிப்பைத் தணிக்கிற பீட்டா பிளாக்கர் கொடுத்தால் பரீட்சையில் ஃபெயில். சுவீடனில் வாக்ஸ்டைன் என்பவரும் சகாக்களும் 1975-இலேயே விரல்விட்டு எண்ணும் அளவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, தேறுகிறார்கள் என்று எழுதினார்கள். யாரும் காது கொடுக்கவில்லை. 1999-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்து, இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்ற பிறகுதான் பாடம் தலைகீழானது. கணக்குப் போட்டால் இருபத்து நாலு வருடம்.

2002-இல் தையல்காரருக்கு அந்த வகை மாத்திரையான கார்வெடிலாலை மூன்றே கால் மில்லிகிராமுக்கும் கொஞ்சம் குறைவாக ஆரம்பித்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்க வேண்டும். முதல் வாரத்தில் அசதி கூடும், கால் வீங்கும், பொறுக்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினேன். அவர் பொறுத்திருப்பார். மெடிக்கல் ஷாப்காரர் அட்டையைப் பார்த்துவிட்டு, “இது பிரஷர் மாத்திரையாச்சே. உங்களுக்குத்தான் பிரஷரே கம்மியாச்சே அண்ணாச்சி” என்று சொல்லியிருக்கிறார். நிறுத்திவிட்டார். ஒரு மாதம் கழித்து மூச்சுத்திணறலோடு வந்து படுத்தார். மறுபடி ஆரம்பித்தேன், இந்தத் தடவை அவரைக் கூட்டிக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்கே போனேன். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு என் சீட்டோடு வருகிற இதய நோயாளி யாராவது மாத்திரையைக் குறைத்து வாங்கினால் எனக்கு ஃபோன் பண்ணிவிடுவார். ஆறு வருடம் அந்த மாத்திரையில் ஓடியது. 2008 தீபாவளிக்கு முந்தின வாரம், ராப்பகலாகத் தைத்துக்கொண்டிருந்த நாளில் போய்ச் சேர்ந்தார். அந்த முதல் ராத்திரி ஒன்றரை மணி நேரம் முன்னால் குப்பி கைக்கு வந்திருந்தால் பம்பிங் நாற்பத்தைந்து இருந்திருக்குமோ என்று நான் போட்ட கணக்கை அவரிடம் சொன்னதில்லை.

மாத்திரையைத் தொடர்வது என்பது தனி மகாபாரதம். 2011-இல் வந்த ப்யூர் ஆய்வு 17 நாடுகளில் ஒன்றரை லட்சம் பேரைப் பார்த்தது. ஏழை நாடுகளில், மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் நிரூபணமான மாத்திரைகளில் ஒன்றைக்கூடச் சாப்பிடவில்லை. இப்படிப் பல மாத்திரைகளை ஒன்றாக்கிய பாலிபில்லை உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அதன் முதல் பெரிய சோதனைகளில் ஒன்று நம் நாட்டில் நடந்ததுதான். நான் வேலை பார்த்த எந்தப் பார்மசிக்கும் அது வந்து சேரவில்லை.

ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் வரும் பதில்கள்: கொழுப்பு நார்மல் ஆயிருச்சு. மாலை போட்டிருந்தேன். உடம்பு சூடு. பல் பிடுங்கணும்னு ரத்தம் இளக்கும் மாத்திரையை நிறுத்தச் சொன்னாங்க, மறுபடி ஆரம்பிக்கச் சொல்லல. இதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. பேசித் தீர்க்க முடியாத காரணம் ஒன்று இருந்தது: பதினைந்து நாளைக்குத்தான் மாத்திரை கொடுப்பார்கள். மாதம் இரண்டு நாள் கூலி போகும், பஸ் காசு வேறு. நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மா மாதம் ஒருமுறைதான் வருவாள். ஆக மாதத்தில் பாதி நாள் மாத்திரை இருக்காது. நான் அவளைத் ‘தன் உடம்பின்மேல் அக்கறையில்லாதவள்’ என்று எத்தனை வருடம் நினைத்திருக்கிறேன்! முப்பது நாளைக்குச் சேர்த்துக் கொடுக்க அனுமதி வாங்கிய பிறகு அவள் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி, பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே போனபோது, இதை இருபது வருடம் முன்பே யாராவது யோசித்திருக்கலாமே என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்திலிருந்த சிஸ்டர், “நீங்க யோசிச்சிருக்கலாமே சார்” என்றார்.

ஓய்வு பெற்றபின் போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக அந்த ஊருக்குப் போனேன். சாப்பாடு முடிந்து, கால் தானாக ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது. புதுக் கட்டடம். கேஷுவாலிட்டியில் ஏசி. சீட்டுக்குக் கம்ப்யூட்டர். சீட்டம்மா எப்போதோ ரிட்டையராகியிருந்தார். டியூட்டியில் இருந்த சிஸ்டர் சின்னப் பெண். நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றாள். எஸ்.கே. காலம் போய் இப்போது டெனக்டிப்ளேஸ். எடை பார்த்து ஒரே தள்ளாகப் போடுகிற ஊசி. உருட்டவும் வேண்டாம், ட்ரிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம். என் எவர்சில்வர் டிரேக்குப் பதில் சிவப்பு பிளாஸ்டிக் பெட்டி, மேலே அழகாக அச்சடித்த லேபிள், மூடிக்குள் அந்த ஒன்பது கேள்வி அட்டை, இப்போது லேமினேட் பண்ணியது. கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது.

அலமாரியில் ஒரு சின்னப் பூட்டு தொங்கியது.

“ஆடிட்ல சொன்னாங்க சார்” என்றாள். “விலை ஜாஸ்தியாம்.”

“சாவி?”

அவள் மேஜை டிராயரைத் திறந்து பார்த்தாள். பிறகு கீழ் டிராயரை. பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டு வராந்தாப் பக்கம் போனாள். நான் அங்கே போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில், வாட்ச்சைப் பார்த்தேன்.